அரை மில்லிகிராம்

கிரியேட்டினின் ஒன்று புள்ளி ஒன்பது.
போன மாதம் ஒன்று புள்ளி இரண்டு.
நடுவில் நான் ஒரு தப்பும் செய்யவில்லை, டாக்டர்.
வெள்ளம் கொதிக்கவைத்தே குடித்தேன்.
பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு மாஸ்க்கோடு போய்
சாப்பிடாமல் திரும்பினேன்.
எட்டு மணி மாத்திரை எட்டு மணிக்கே.
களியக்காவிளை செக்போஸ்டில் பஸ் மாட்டிக்கொண்ட அன்று
எச்சில் கூட்டி விழுங்கினேன்.

ஏறியதற்குக் காரணம் இரண்டிலொன்று என்றார்.
தம்பி தந்த சிறுநீரகத்தை உடம்பு தள்ளப் பார்க்கிறது,
அப்படியென்றால் மருந்தைக் கூட்டவேண்டும்.
இல்லை, கிருமி. அப்படியென்றால் குறைக்கவேண்டும்.
வெளியே நின்று பார்த்தால்
இரண்டுக்கும் ஒரே முகம்.

ஊசி இறக்கி ஒரு நூல் சதை எடுத்தார்கள்.
அடிவயிற்றில் மணல்மூட்டை,
மல்லாந்து ஆறு மணிநேரம்.
ஃபேனின் மூன்று இறக்கையில் ஒன்று வளைந்திருந்தது.

பி.கே. வைரஸ்.
யாரோ ஒரு நோயாளியுடைய பெயரின் முதலெழுத்துகளாம்.
ஒரு மனிதர் தன்னில் இரண்டெழுத்தை மட்டும்
உலகத்துக்கு விட்டுப் போயிருக்கிறார்.
அவர் பிழைத்தாரா என்று நான் கேட்கவில்லை.

பத்தில் எட்டுப் பேருக்குள் இருக்குமாம் அது.
சின்ன வயதில் ஒரு சளியாக வந்து
சிறுநீரகத்தில் இடம் பிடித்து
வாடகையும் இல்லை, சத்தமும் இல்லை,
சாகிறவரை உறக்கம்.
தம்பியின் துண்டை என் உடம்பு ஏற்கட்டும் என்று
காவலை உறங்க வைத்தோம்.
இது எழுந்துகொண்டது.

"என்கிட்டேயிருந்து வந்ததா?"
வில்பிரட் நாற்காலி நுனியில் இருந்து கேட்டான்.
சொல்ல முடியாது என்றார் டாக்டர்.
உங்களுடையதாகவும் இருக்கலாம், அக்காவுடையதாகவும்.
பாறசாலை, களியக்காவிளை, குழித்துறை
ஒரு வார்த்தை பேசவில்லை அவன்.
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
அருமனை பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான்
"பழுதான சாமானைத் தந்துட்டேனே."

லே, அந்த வருஷ மழையில் நம்ம ரெண்டு பேருக்கும்
ஒரே வாரம்தானே தீனம்.
ஒரே துண்டில்தானே மூக்கைச் சிந்தினோம்.
நீ எனக்குத் தந்தியோ, நான் உனக்குத் தந்தேனோ,
யாருக்கு ஓர்மை இருக்கு?

அவன் சிரிக்கவில்லை.

பதினேழு வருஷம் ரப்பர் வெட்டினவள் நான்.
நெற்றியில் விளக்கு, விடிய மூன்று மணி நேரம் இருக்கும்.
பட்டைக்குள் கத்தி எவ்வளவு போகலாம் என்பது
கைக்கு மட்டும் தெரியும்.
மேலோடு போனால் சிரட்டை நிறையாது.
ஒரு நூல் கூடினால் தடியில் காயம்,
அந்த இடம் முண்டும் முடிச்சுமாய் வளர்ந்து
பிறகு எவனாலும் அங்கே வெட்ட முடியாது.

டாக்டர் ஒரு மாத்திரையை அடித்துவிட்டார்.
இன்னொன்றில் அரை மில்லிகிராம் குறைக்க
பேனாவைத் தாளுக்கு மேலே
கொஞ்சம் நிறுத்தினார்.
அந்த நிறுத்தம் எனக்குப் பழக்கம்.

ரத்தத்தில் வைரஸ் பதினெட்டாயிரம்.
இரண்டு வாரம் கழித்து இருபத்தோராயிரம்.
அதற்கடுத்து பதினோராயிரம்.
கிரியேட்டினின் ஒன்று புள்ளி ஏழில் நிற்கிறது.
பழைய ஒன்று புள்ளி இரண்டை மறந்துவிடுங்கள் புஷ்பலீலா,
இது போதும் என்றார்.
போதுமென்றால் எத்தனை வருஷத்துக்கு?
அதற்கும் பேனா நின்றது.

இன்று சாயங்காலம் நல்ல மழை.
மரங்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் பாவாடை கட்டியாகிவிட்டது.
வில்பிரட் நனைந்துகொண்டே வந்தான்.
சட்டைப்பையில் லேப் கவர் ஒன்று, ஒட்டினது ஒட்டினபடி.
யாருக்கும் தெரியாமல் நாகர்கோவில் போய்
கைக்காசு கொடுத்துத் தன் மூத்திரத்தைப் பரிசோதித்திருக்கிறான்.
"பிரிக்கவா?" என்கிறான்.
கவரின் ஒரு மூலை ஊறி, மை பரவத் தொடங்கியிருக்கிறது.

மணி எட்டு.
அதை அங்கே வைலே.
அந்தச் செம்பில் வெள்ளம் இருக்கு, எடு.